வாவிக்கரையிற் பையின் வரலாறு

மட்டக்களப்புப் பிரதேசத்தின் வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அரசர், குடிமரபு, கோயில், கோட்டை என்பனவற்றையே தம் பொருளாகக் கொண்டனர். 1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையில் வந்திறங்கியதும், 1628இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை அமைத்ததும், 1638இல் அக்கோட்டை ஒல்லாந்தர் கைப்பட்டதும் பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகளாகும். ஆயின், அதே காலத்தில் இவ்வூர்களின் நெல்லும் மீனும் எவற்றில் நிறைக்கப்பட்டுக் கைமாறின, வாங்கியவர் அவற்றை எவற்றிலே வீட்டுக்குக் கொண்டுசென்றனர் என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலரே. பையும் ஒரு வரலாற்றுப் பொருளாகுமோ என ஐயுறுவோர், மாரி வெள்ளம் வடிந்த பின்னர் வாவியின் ஓரமாக ஒருமுறை நடந்து பார்ப்பாராயின் அவ்வையம் நீங்கிவிடும். கோட்டையைக் கட்டியவர் விட்டுச்சென்ற கற்களிலும் மிகுதியாக, கடைக்குச் சென்று வந்தவர் விட்டெறிந்த பைகள் அங்கே கிடக்கின்றன.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 35 மைல், அதாவது 56 கிலோமீற்றர், நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நீர்நிலையாகும். அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை எனவும், மேற்கேயுள்ள வயல்நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்ட மக்களின் வாழ்க்கை, இவ்விரு கரைகளுக்கும் இடையிலான போக்குவரவிலேயே தங்கியிருந்தது. எழுவான்கரையில் மீனும் தேங்காயும் நெசவுத் துணியும் இருந்தன. படுவான்கரையில் நெல்லும் தயிரும் தேனும் விறகும் இருந்தன. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. அம்பிளாந்துறை, மண்முனை, குருமண்வெளி, மண்டூர் முதலிய துறைகளில் வள்ளங்களும் பாதைகளும் நாள்தோறும் ஏற்றி இறக்கியவை இப்பண்டங்களே. 1924இற் கல்லடிப் பாலம் திறக்கப்பட்டபோது நகரின் போக்குவரவு மாறியது. எனினும் மண்முனையிற் பாலம் அமைந்தது 2014ஆம் ஆண்டிலேதான் என்பது மனங்கொள்ளத்தக்கது. அதுவரை அங்கே பண்டங்கள் நீரைக் கடந்தே சென்றன.

இத்தகைய பண்டமாற்றின் மிகப் பழைய சித்திரம் ஒன்று ஐங்குறுநூற்றில் உண்டு. ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதியில், பாண்மகள் ஒருத்தி வட்டி நிறைய வரால் மீனைக் கொண்டுவந்து மனையோளிடம் சொரிகிறாள். மனையோளோ அதே வட்டியிற் பழைய வெண்ணெல்லை நிறைத்துக் கொடுக்கிறாள். உரைகாரர் மருதநிலத்தின் வளத்துக்கு இதனை எடுத்துக்காட்டுவர். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஈண்டு நோக்கத்தக்கது வட்டியே. மீன் கைமாறியது, நெல் கைமாறியது. வட்டி மட்டும் கைமாறவில்லை. அது வந்தவளுடையதாகவே திரும்பிச் சென்றது. மட்டக்களப்பின் இரு கரைகளிலும் மிக அண்மைக்காலம் வரை நிலவிய வழக்கமும் இதுவே. விற்பவர் பண்டத்தைத் தருவார். அதனைக் கொண்டுசெல்லும் கலம் வாங்குபவருடையது. இந்த எளிய ஒழுங்கு எப்போது, எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே இப்பிரதேசத்திற் பையின் வரலாறாகும்.

பழைய கலங்களின் பெயர்களே ஒரு சிறு அகராதிக்குப் போதுமானவை. பனையோலையால் இழைத்த கடகமும் பெட்டியும், மீன் இடும் பறி, பிரம்பாற் பின்னிய கூடை, இடுப்பிற் செருகும் கொட்டப்பெட்டி, தயிர் உறைய வைக்கும் மண்முட்டி எனத் தொழிலுக்கேற்ற கலம் ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தது. மீன் சிலவாயின் ஈர்க்கிலிற் கோத்துத் தொங்கவிட்டபடியே வீட்டுக்குக் கொண்டுபோயினர். இறைச்சியைத் தேக்கிலையிலோ தாமரையிலையிலோ பொதிந்தனர். வயலுக்குச் சோறு வாழையிலையிற் சென்றது. இவற்றிற் சில ஒருமுறை மட்டுமே பயன்பட்டன என்பதையும் சொல்லவேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறிவது நம் முன்னோர் அறியாத வழக்கமன்று. எறியப்பட்டதை மாடு தின்றது, அல்லது மண் தின்றது. அவ்வளவே வேறுபாடு. பழையகாலத்தவர் இயற்கையைப் பேணும் பெருநோக்குடன் வாழ்ந்தனர் என இன்று சிலர் பேசுவது அவர்களுக்கு நாம் சூட்டும் மாலையேயன்றி வரலாறாகாது. அவர்களுக்குக் கிடைத்த பொருள் அத்தகையது.

இவற்றுள் வாவிக்கே உரியது எனத்தக்கது பன்பையாகும். வாவியின் நன்னீர் ஓரங்களிலும் குளத்துச் சதுப்புக்களிலும் வளரும் பன் என்னும் கோரையினத்தை அறுத்து, வெயிலிற் காயவைத்து, தட்டையாக்கி, வேண்டியவற்றுக்குச் சாயமேற்றிப் பின்னுவர். பாய் பின்னும் கைகளே பையையும் பின்னின. இத்தொழிலிலே தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒருங்கே கைதேர்ந்திருந்தனர். பெரும்பாலும் வீட்டு வேலையின் இடைவேளைகளிற் செய்யப்பட்டமையால் அது தொழில் எனவே கணக்கிடப்படவில்லை; குடிசன மதிப்பீட்டுக்காரர் கேட்டால், பாய் பின்னும் பெண் தனக்குத் தொழில் இல்லை என்றே சொல்லியிருப்பாள். பன்பை நீரில் நனைந்தால் உலர்த்தினாற் போதும். காது அறுந்தால் வேறு காது பின்னலாம். அடி ஓய்ந்தால் ஒரு துண்டு சாக்கு வைத்துத் தைக்கலாம். முற்றாகக் கிழிந்த பின்னர் அது அடுப்புக்கோ கன்றுக்குட்டியின் படுக்கைக்கோ போகும். வாவியின் ஓரத்தில் முளைத்தது மீண்டும் வாவியின் ஓரத்து மண்ணாவதற்கிடையில், ஒரு குடும்பத்தின் அரிசியையும் மரக்கறியையும் பல மாதம் சுமந்துவிட்டது.

வெளியிலிருந்து வந்த பொருள்கள் இவ்வொழுங்கை உடனே குலைத்துவிடவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி வந்தபோது, அதனுடன் வங்காளத்துச் சணலாற் செய்த சாக்கும் வந்தது. சாக்கு வெறுமையானதும் எறியப்படவில்லை. அது தனியே விலைபோகும் பண்டமாயிற்று. நெல் கட்டவும், படுதாவாகத் தொங்கவிடவும், கிழித்துப் பையாகத் தைக்கவும் பயன்பட்டது. காகிதம் பெருகியபோது பழைய செய்தித்தாளைப் பசையிட்டு ஒட்டிய பைகள் கடைகளுக்கு வந்தன. இவ்விடத்தில் வாழைச்சேனைக் காகித ஆலையைக் குறிப்பிடாமற் செல்லுதல் முறையன்று. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தின் திட்டங்களுள் ஒன்றாக எழுந்து, 1950களின் நடுப்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாலை, இலுக்குப் புல்லையும் பின்னர் வைக்கோலையும் மூலப்பொருளாகக் கொண்டது. மட்டக்களப்பு வயலின் வைக்கோல் காகிதமாகி ஊர்க்கடைக்குப் பையாகத் திரும்பக்கூடிய வாய்ப்பு அன்று இருந்தது. ஆனால் அவ்வாலையின் கழிவுநீர் அயலிலுள்ள நீர்நிலையிற் கலந்து அதனையும் மாசுபடுத்தியது. காகிதமும் குற்றமற்ற பொருளன்று. போரும் நிருவாகச் சீர்கேடும் சேர்ந்து பிற்காலத்தில் ஆலையை முடக்கின.

1970 முதல் 1977 வரையிலான காலம் பையின் வரலாற்றில் தனியே நோக்கத்தக்கது. இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. அரிசியும் மாவும் சீனியும் கூப்பன் புத்தகத்துக்குச் சங்கக்கடையிற் கிடைத்தன. பை கொண்டுவராதவருக்கு அரிசி கொடுக்கச் சங்கக்கடை மனேஜரிடம் வேறு வழி இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குப் போத்தல், தேங்காயெண்ணெய்க்கு இன்னொரு போத்தல், அரிசிக்குச் சீலைப்பை, மரக்கறிக்குப் பன்பை என நான்கையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பதே கடைக்குப் போதல் என்பதன் பொருளாயிருந்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சிறு அளவுக்கு மேல் அரிசி கொண்டுசெல்வதும் அக்காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தமையால், நெல் விளையும் மட்டக்களப்பிலிருந்து புறப்படும் பயணியின் பை வழியில் நிறுத்திச் சோதிக்கப்பட்டது. பை அன்று அவமானத்தின் சின்னமாகவும் பலருக்குத் தோன்றியிருக்கும். வறுமையோடும் வரிசையோடும் தட்டுப்பாட்டோடும் அது மக்கள் மனத்திற் பிணைந்துவிட்டது. பின்னர் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாதது.

இனி, பொலித்தீனின் கதையைச் சுருங்க நோக்கலாம். இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், 1933ஆம் ஆண்டில், வேறொன்றை நாடிச் செய்த பரிசோதனையிலே மெழுகு போன்ற ஒரு வெண்பொருள் தற்செயலாகத் தோன்றியது. அதுவே பொலித்தீன். இரண்டாம் உலகப்போரிலே ராடர்க் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையிட அது பயன்பட்டது. கைப்பிடியோடு கூடிய மெல்லிய பையை அதிலிருந்து ஒரே துண்டாக அமைத்தவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்டென் குஸ்தாவ் துலின் என்னும் பொறியியலாளர்; 1965இற் செலோபிளாஸ்ற் என்னும் நிறுவனத்தின் பெயரில் அதற்கு அமெரிக்க ஆக்கவுரிமை பெறப்பட்டது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைப்பதே துலினின் எண்ணமாயிருந்தது எனவும், அவர் தாம் அமைத்த பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் எனவும் அவருடைய மகன் பிற்காலத்திற் கூறியுள்ளார். நாம் இன்று எறிவதற்காகவே பெறும் பை, எறியாதிருப்பதற்காக ஆக்கப்பட்டது.

இலங்கையில் 1977ஆம் ஆண்டு பதவிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசாங்கம் அவ்வாண்டின் இறுதியிலேயே இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. கொழும்பிலிருந்து வந்த பண்டங்களோடு பொலித்தீன் பையும் மட்டக்களப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1978 நவம்பர் 23ஆம் திகதி, பெரும் சூறாவளி இப்பிரதேசத்தைத் தாக்கியது. எழுவான்கரையின் தென்னைகள் பெருந்தொகையாகச் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, வேலியும் கிடுகும் ஓலைக்கலமும் தந்த மரங்கள் ஒரே இரவில் இல்லாமற் போயின. சூறாவளிதான் பொலித்தீனைக் கொண்டுவந்தது எனக் கூறுதல் மிகையாகும். ஆயினும் பழைய மூலப்பொருள் அருகிய வேளையும் புதிய பொருள் சந்தைக்கு வந்த வேளையும் ஒன்றாக அமைந்தமையை வரலாற்று மாணவர் கவனியாது விடலாகாது.

முதலில் வந்த பொலித்தீன் பைகளுக்கு இருந்த மதிப்பை அக்கால மக்கள் இன்றும் நினைவுகூர்வர். கொழும்புக் கடையொன்றின் பெயர் பொறித்த பையைக் கையிற் கொண்டு பேருந்தில் ஏறுவது பெருமைக்குரியதாயிருந்தது. மீன் கொண்டுவந்த பையைக் கழுவி, உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டி, வேலியிலே குத்தி உலர்த்தினர். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தனர். பாடசாலைப் பிள்ளைகள் அதிற் புத்தகம் கொண்டுசென்றனர். ஓட்டை விழுந்தால் மெழுகுதிரியிற் காட்டி ஒட்டினர். பன்பைக்கு இருந்த ஆயுளை அதே மக்கள் அப்பொலித்தீனுக்கும் கொடுத்தனர். எனவே, பொலித்தீனின் இயல்பிலேயே எறியப்படும் தன்மை இருந்தது எனக் கொள்வதற்கில்லை. அது அரிதாயும் விலையுள்ளதாயும் இருந்தவரை, மட்டக்களப்பிலே அது மீளப் பயன்படும் பையாகவே வாழ்ந்தது.

மாற்றம் பையில் நிகழவில்லை. பையின் உடைமையில் நிகழ்ந்தது. மலிந்த பையைக் கடைக்காரர் தாமே வாங்கிக் கொக்கியில் தொங்கவிட்டு, வருவோர்க்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார். பக்கத்துக் கடையில் கொடுப்பதால் இவரும் கொடுத்தார். 'சொப்பிங் பேக்' என்னும் பெயர் தமிழ்ச்சொல்லைப் போலவே நாவிற் பழகியது. வெறுங்கையோடு கடைக்குச் செல்வது நாகரிகமாயிற்று. பன்பையோடு செல்வது சங்கக்கடை வரிசையை நினைவூட்டும் பழைய காரியமாயிற்று. வாங்குபவர் தம் பையை இழந்தார். ஆனால் கடைக்காரரும் அதற்கு உடையவராகவில்லை; கொடுத்த மறுகணமே அவர் அதனை மறந்தார். இவ்வாறு இப்பிரதேசத்தின் வரலாற்றில் முதன்முதலாக, எவருக்கும் உரியதல்லாத கலம் ஒன்று தோன்றியது. உடையவர் இல்லாத பொருள் போய்ச்சேரும் இடம் பள்ளமான இடமே. மட்டக்களப்பிலே பள்ளமான இடம் வாவி.

வாவிக்குள் சென்ற பொலித்தீன் கடலுக்குப் போய்விடும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறு எண்ணுவோர் வாவியின் அமைப்பை மறந்துவிடுகின்றனர். அது ஆறன்று. பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலுமே கடலோடு தொடுக்கும் முகத்துவாரங்கள் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்று மழையால் வெள்ளம் பெருகும்போது அவை திறக்கின்றன. கோடையில் மணற்றிட்டு எழுந்து மூடிக்கொள்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் நீர் தேங்கியே நிற்கின்றது. பொலித்தீன் நீரினும் இலேசானது. ஆதலின் முதலில் மிதக்கும். பாசியும் சேறும் படியப் படியக் கனத்து அடியிற் சென்று படியும். அங்கே நீர்ப்புல்லின் மேல் விரிந்து அதற்கு ஒளியை மறைக்கும். கண்டல் மரங்களின் மூச்சுவேர்களிற் சுற்றிக்கொள்ளும். வெயிலிற் கிடப்பது நொறுங்கிச் சிறு துகள்களாகி, மீனும் இறாலும் இரைதேடும் சேற்றோடு கலக்கும். வாவியில் வலை வீசுவோருக்கு இது ஆய்வுகூடத்துச் செய்தியன்று. வலையிற் பொலித்தீன் நிறைந்தால் அதனைப் பிரித்தெடுக்கும் நேரம் மீன்பிடிக்கும் நேரத்திலிருந்தே கழிகின்றது, வலையும் கிழிகின்றது. அவ்வலையும் இன்று நைலோனே. 1950களின் பிற்பகுதியிலிருந்து பருத்தி வலையின் இடத்தை நைலோன் வலை பிடித்தது. அறுந்துபோன நைலோன் வலை நீருக்குள் எவருமின்றித் தொடர்ந்து மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். பை மட்டும் குற்றவாளியன்று.

நிலத்திலும் அதன் விளைவு குறைந்ததன்று. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் காத்தான்குடி, கல்முனை போன்ற பட்டினங்களில் மழைநீர் வடிவதற்கு வடிகானைத் தவிர வேறு வழியில்லை. வடிகான் அடைபட்டால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். வங்காளதேசத்தின் டாக்கா நகர் 1988இலும் 1998இலும் வெள்ளத்தில் மூழ்கியபோது, வடிகான்களை அடைத்திருந்த பொலித்தீன் பைகள் அதற்கு முக்கிய காரணமாகக் காட்டப்பட்டன. 2002இல் அந்நாடு மெல்லிய பைகளை முற்றாகத் தடைசெய்தது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு செல்வநாடு அன்று, வெள்ளத்தை அறிந்த நாடு.

இலங்கையின் முதலாவது தடை 2007 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புடைய பொலித்தீனை உற்பத்தி செய்வதும் விற்பதும் தடுக்கப்பட்டன. அந்த ஜனவரி மாதத்திலேயே வாகரையிற் போர் உச்சமடைந்தது. மார்ச்சிற் படுவான்கரை முழுவதும் போர்க்களமாயிற்று. வவுணதீவு, பட்டிப்பளைப் பக்கங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தனர். அவர்களுக்குக் கூரையாக அமைந்தது தறப்பாள். உடைமைகளைக் கட்டிவைக்கக் கிடைத்தது உரப்பை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடல்கோளுக்குப் பின்னரும் அவ்வாறே உணவும் உடையும் நீரும் பொலித்தீனிலும் பிளாஸ்ரிக்கிலும் பொதியப்பட்டு வந்தன. பொலித்தீனின் கீழ் வாழ்ந்துகொண்டிருந்த மக்களுக்குப் பொலித்தீன் தடை என்ன பொருளைத் தந்திருக்கும்? சுற்றாடல் பற்றிய சட்டங்களை ஆராய்வோர் இக்காலப் பொருத்தத்தைப் பெரிதாகக் கொள்வதில்லை. ஆயினும் ஒரு குறிப்பு இங்கே உண்டு. உரப்பையும் பிளாஸ்ரிக்கே, அதனை மக்கள் எறியவில்லை. மணல் நிறைத்துப் பதுங்குகுழிக்கு அடுக்கினர், நெல் கட்டினர், வெட்டித் தைத்துக் கைப்பையாக்கினர். தேவை உடையவரை உண்டாக்கியது.

தடை ஏட்டளவிலேயே பெரும்பாலும் நின்றது. மைக்ரோனைக் கண்ணால் அளக்க இயலாது. சிறுகடைக்காரரிடம் அளவுகருவியும் இல்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளிலே, கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து 32 உயிர்களைக் காவுகொண்ட பின்னரே அரசு மீண்டும் விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி முதல், கடைகளில் வழங்கும் உயர்செறிவுப் பொலித்தீன் பைகளும் உணவு பொதியும் தாள்களும் ரெஜிபோம் பெட்டிகளும் தடைசெய்யப்பட்டன. மட்டக்களப்பும் தன் பங்குக்கு அதே ஆண்டிற் பாடம் பெற்றது: நகரின் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்டு வந்த திருப்பெருந்துறை மேடு தீப்பற்றி எரிந்தது, அயலிலுள்ளோர் புகையிலே தவித்து, அங்கே இனிக் கொட்டலாகாது எனப் போராடினர். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான அம்பாறையிற் பள்ளக்காடு என்னுமிடத்துக் குப்பைமேட்டுக்கு யானைகள் இரைதேடி வந்தன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்ரிக்கை உண்டு இறந்தன என 2022இற் செய்திகள் வெளியாகின. இறந்த யானையின் வயிற்றில் உணவு பொதிந்த பொலித்தீனைக் கண்ட மிருக வைத்தியர்களுக்கு மைக்ரோன் கணக்குத் தேவைப்பட்டிராது.

பொலித்தீனுக்கு மாற்றாகத் துணிப்பையை எடுத்துவிட்டால் யாவும் சரியாகிவிடும் என்போர்க்கு ஒரு கணக்கைக் காட்டவேண்டும். இங்கிலாந்துச் சுற்றாடல் முகவரகம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொலித்தீன் பையோடு ஒப்பிடுகையில், வளிமண்டலத்தை வெப்பமாக்கும் விளைவைப் பொறுத்தவரை, பருத்திப்பை 131 முறை பயன்பட்டாலே அதற்கு ஈடாகும். பருத்தியை விளைவிக்க நீரும் உரமும் பூச்சிகொல்லியும், நூற்கவும் நெய்யவும் எரிபொருளும் வேண்டும். அதே பொலித்தீன் வாவியிற் கிடக்கும் கேட்டை அக்கணக்கு சேர்க்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அதன் கருத்துத் தெளிவானது. 131 முறை என்பது கிழமைக்கு ஒருமுறை சந்தைக்குப் போவோர்க்கு இரண்டரை ஆண்டு. விழாக்களிலும் கருத்தரங்குகளிலும் பெயர் பொறித்து வழங்கப்படும் துணிப்பைகள் வீட்டுக்கு வந்து இரண்டரை வாரமாவது உழைக்கின்றனவா என்பதை அவற்றைப் பெறுவோர் தாமே எண்ணிப் பார்க்கலாம். அவற்றுட் பல துணியுமல்ல. துணிபோலத் தோன்றும் பொலிப்புறோப்பிலீன். இலவசமாக வரும் துணிப்பை, இலவசமாக வந்த பொலித்தீனின் வழியிலேயே போகின்றது. ஆகவே எப்பையைத் தெரிவது என்பதைக் காட்டிலும், தெரிந்த பையை வீட்டிலிருந்து கொண்டுசெல்வதா என்பதே வினா.

இக்காரணத்தாற்றான் 2025 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்த விதி முன்னையவற்றினும் வேறானது எனத் தோன்றுகின்றது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அவ்விதி, பொலித்தீன் கடைப்பையை இலவசமாகக் கொடுத்தலாகாது எனவும், அதன் விலையைக் கடையிற் காட்டிப் பற்றுச்சீட்டிலும் குறிக்கவேண்டும் எனவும் கூறுகின்றது. முன்னைய சட்டங்கள் பையின் தடிப்பைத் தொட்டன. இது அதன் உடைமையைத் தொடுகின்றது. அயர்லாந்து 2002இற் பையொன்றுக்கு 15 சதம் வரி விதித்தபோது, அதன் பாவனை ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்தது. பணம் பெரிதன்று, பை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்க நேர்ந்ததே பெரிது. தமிழ்நாடு வேறொரு வழியை நாடியது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்ரிக்கைத் தடைசெய்த அம்மாநிலம், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. கலியாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்து, கிராமத்தானின் அடையாளமென எள்ளப்பட்ட மஞ்சள் துணிப்பைக்கு மதிப்பை மீட்டுக்கொடுப்பது அதன் உள்நோக்கம். ஈழத்துப் பன்பைக்கு நேர்ந்த அவமதிப்பும் அதுவே. ஆனால் விலைவிதி பட்டினத்துப் பெருங்கடைகளில் எளிதிற் செல்லும். பற்றுச்சீட்டே எழுதாத ஊர்ச் சந்தையில், மீன் விற்பவரும் மரக்கறி விற்பவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பை கொடுக்கும் இடத்தில், அது எவ்வாறு செல்லும் என்பது வேறு. மீன்காரருக்கு நனையாத பை தேவை. வாங்குபவர் பறியோ பாத்திரமோ கொண்டுவராதவரை அவர் பொலித்தீனையே நீட்டுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை.

பன்பை இன்றும் அழிந்துவிடவில்லை. கைப்பணிக் கண்காட்சிகளிலும் உல்லாசப் பயணிகள் வந்துசெல்லும் இடங்களிலும் அது அழகுப்பொருளாக விற்கப்படுகின்றது. அதைப் பின்னியவர் தம் ஊர்க்கடைக்கு அதனைக் கொண்டுசெல்வது அரிது. பாயின் இடத்தையும் பிளாஸ்ரிக் பாய் பிடித்துக்கொண்டமையால், பன் அறுத்து உலர்த்திப் பின்னும் உழைப்புக்குக் கிடைக்கும் கூலி மிகக் குறைவு. இளம் பெண்கள் தையல் ஆலைக்கும் மத்திய கிழக்குக்கும் செல்கின்றனர். பன் வளரும் சதுப்புக்களும் மண்ணிட்டு நிரப்பப்பட்டும் வயலாக்கப்பட்டும் குறுகி வருகின்றன. எஞ்சியுள்ள பன்னோரங்கள், காற்றும் அலையும் மிதப்பவற்றைக் கொண்டுவந்து ஒதுக்கும் இடங்களுமாகும். பன் அறுக்க நீரில் இறங்குபவர் அதன் அடியைப் பற்றுவதற்கு முன்னர், தண்டுகளிற் சுற்றிக் கிடக்கும் சொப்பிங் பேக்குகளை விலக்க வேண்டியிருக்கின்றது.